எஸ். எச். ரஸாவின் ஓவியங்களில் அந்தக் கறுப்பு வட்டம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

அந்த வட்டம்தான் 'பிந்து', அதாவது புள்ளி. ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்துக் காட்டு கிராமமான பாபரியாவில் பிறந்தவர். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தார். பள்ளியில் கவனம் சிதறிக்கொண்டே இருந்த சிறுவனை, சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார் ஆசிரியர். பிந்துவின் வேர் அங்கே இருப்பதாக ரஸாவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அது உடனே ஓவியத்துக்குள் வந்துவிடவில்லை. 1947இல் பம்பாயில் சூசா, ஹுசைன் போன்றோருடன் முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார். 1950இல் பாரிஸ் போனார், அறுபது ஆண்டுகள் பிரான்ஸிலேயே வாழ்ந்தார். முதலில் பிரெஞ்சு ஊர்களையும் தேவாலயங்களையும் தீட்டினார். 1962இல் கலிஃபோர்னியாவில் பாடம் நடத்தப் போனபோது அமெரிக்க அருவ ஓவியர் ராத்கோ போன்றவர்களின் ஓவியங்கள் அவரை அசைத்தன. பிறகு எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்குக்கு மாறினார். வீடும் மரமும் கரைந்து நிறம் மட்டும் மிஞ்சியது.

எழுபதுகளின் இறுதியில்தான் பிந்து நிலைபெற்றது. அவருக்குக் கறுப்பு எல்லா நிறங்களும் பிறக்கும் தாய் நிறம். அதனால்தான் வட்டத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் விரிகின்றன.

பிற்காலப் பிந்து ஓவியங்களில் சில கூறியது கூறல்தான் என்பது என் கருத்து. ஆனால் 1983இல் வரைந்த 'சௌராஷ்டிரா'வைப் பாருங்கள்: ராஜபுத்திரச் சிற்றோவியம் போல கட்டம் கட்டமாகப் பிரிந்த பரப்பு, உள்ளே கொதிக்கும் செம்மை, ஓர் ஓரத்தில் பிந்து. ரஸாவைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்குங்கள்.