ஸ்குவாஷ் பந்து எழும்பவில்லையா? ராக்கெட்டை மாற்ற வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 44, அண்ணா நகரில் வசிக்கிறேன். மூன்று மாதங்களாக நண்பருடன் காலை ஆறு மணிக்கு, ஏசி கோர்ட்டில் ஸ்குவாஷ் ஆடுகிறேன். இரட்டை மஞ்சள் புள்ளி கொண்ட புதுப் பந்துதான். ஆனாலும் நான்கு முறை அடிப்பதற்குள் எழும்பாமல் செத்துவிடுகிறது. விலை உயர்ந்த ராக்கெட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ராக்கெட்டுக்குச் செலவழிக்காதீர்கள், மாற்ற வேண்டியது பந்தைத்தான். பந்தில் உள்ள புள்ளி அது எவ்வளவு எழும்பும் என்பதற்கான அடையாளம்; இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்துதான் மிகக் குறைவாக எழும்பும்.

ஸ்குவாஷ் பந்து 40 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 24 கிராம் எடையும் உள்ள, உள்ளே காற்றடைத்த ரப்பர் உருண்டை. அடிபட்டு நசுங்கி விரியும்போது ரப்பர் சூடேறி, உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் கூடுவதால்தான் அது துள்ளுகிறது. இதனாலேயே பந்தின் துள்ளலை 23 டிகிரியிலும் 45 டிகிரியிலும் தனித்தனியே சோதிக்கிறார்கள். 2025 டிசம்பரில் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூவில் உலகக் கோப்பையை வென்ற நம் அணியினரைப் போல ஓங்கி, இடைவிடாமல் அடிப்பவர்கள் கையில் அந்தச் சூடு ஆறாமல் தானாகவே தங்கும். நீங்கள் இருவரும் நான்கு அடிக்கு ஒருமுறை பந்தைப் பொறுக்கப் போகிறீர்கள். அதற்குள் அது ஆறிவிடுகிறது. இது உங்கள் திறமைக் குறைவு அல்ல, உங்களுக்குப் பொருந்தாத பந்து, அவ்வளவுதான்.

பத்து நிமிடம் ஆடியதும் பந்தை உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். நன்றாகச் சுடாமல் வெறும் வெதுவெதுப்பாக இருந்தால், சற்றே பெரியதும் கூடுதலாக எழும்புவதுமான சிவப்புப் புள்ளிப் பந்துக்கு மாறுங்கள். அடிக்கும் பந்தெல்லாம் பின்சுவரில் பட்டுத் தாராளமாகத் திரும்பி வரத் தொடங்கினால், அப்போது ஒற்றை மஞ்சள் புள்ளி போதும். இரட்டைப் புள்ளிக்கு அவசரமே இல்லை. பல ஆண்டுகள் ஆடியவர்கள்கூட ஒற்றைப் புள்ளியோடு நிறைவாக ஆடுகிறார்கள்.

எந்தப் பந்தானாலும் முதலில் சூடேற்றுங்கள். சர்வதேசப் போட்டிகளிலேயே இதற்காக நான்கு நிமிடம் தருகிறார்கள். குளிர்ந்த ஏசி கோர்ட்டில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். ஏசி இல்லாத கோர்ட்டில் சிக்கல் வேறு: நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்ட பந்து சுவரில் வழுக்கி, எழும்பாமல் கீழே சரியும். அதைப் பந்தின் குறை என்று எண்ணிவிடாமல், ஒரு சிறு துண்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது துடையுங்கள். மேற்புறம் தேய்ந்து வழவழப்பாகி மினுங்கும் பந்தை மட்டும் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.