முன்தோல் மீட்புக் கருவியின் ஓரம் உறுத்துகிறது, வெயில் நாளில் நழுவுகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். அறுவையில் ஆணுறுப்பின் முன்தோல் போனவர்கள், மிச்சமிருக்கும் தோலை மெதுவாக இழுத்து வளர்க்கப் போடும் கருவி இது. முன்தோல் இறுக்கத்துக்காக இளவயதில் அறுவை செய்துகொண்டவன் நான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தையல் தொழில். அதனால் பட்டி, எலாஸ்டிக் விஷயத்தையாவது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் ஓரம். ஆணுறுப்பு மொட்டின்மேல் உட்காரும் மணி வடிவத் துண்டு கடினப் பிளாஸ்டிக்காக இருந்தால், வார்ப்பில் வந்த பிசிறு விளிம்பில் இருக்கும். பெயின்ட் கடை வாட்டர் பேப்பரில் 400 நம்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், அப்புறம் 1000. சோப்புப் போட்டுக் கழுவி, பழைய நைலக்ஸ் துணியை விளிம்பில் இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் இன்னும் பிசிறு இருக்கிறது. சிலிகான் துண்டில் மட்டும் இந்த வேலை வேண்டாம், சொரசொரப்பாகிவிடும்.

அடுத்து, கருவியை முழங்காலுக்கோ தோளுக்கோ இழுத்துக் கட்டும் பட்டி. கூட வரும் எலாஸ்டிக் பெரும்பாலும் சடை பின்னல். இழுத்தால் அகலம் சுருங்கி, முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி வெட்டும். நெய்த எலாஸ்டிக் ஒரு இன்ச் அகலத்தில் கேட்டு வாங்குங்கள். அது இழுத்தாலும் சுருங்காது. நீளம் கூட்டிக் குறைக்க, பிரா பட்டியில் வரும் சின்ன அட்ஜஸ்டர் போதும், தையல் சாமான் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நம்ம ஊரில் இன்னொரு தொல்லை, முண்டு வேட்டியை மடித்துக் கட்டினால் பட்டி வெளியே தெரியும். முழங்கால் பட்டியைப் பேன்ட் போடும் நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் தோள் வழியாக மேலே கொண்டு போங்கள்.

பங்குனி, சித்திரையில் தோலைக் கவ்வும் எந்தப் பிடியும் நழுவத்தான் செய்யும். அதற்காக இறுக்கிப் பிடிக்க வைக்காதீர்கள். தோலை நன்றாகத் துடைத்து, பிடி உட்காரும் இடத்தில் மருந்துக்கடைக் காகித டேப் ஒரு சுற்று, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டுங்கள். கழற்றும்போது பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் தானே வரும்.

இழுவையைக் கூட்டினால் சீக்கிரம் வளரும் என்று நினைப்பவர்கள் அதிகம். தோல் வளர்வது மெதுவான, தொடர்ந்த இழுவையில் செல்கள் பெருகுவதால்தான். தீக்காயம் பட்டவர்களுக்குத் தோலுக்கடியில் பலூன் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் புதுத்தோல் எடுக்கிறார்களே, அதே வழி. இங்கே கணக்கு வருஷங்களில். வலித்தால் இழுவை அதிகம் என்று அர்த்தம், தோல் கிழிந்தால் தழும்பாகி இன்னும் விறைக்கலாம். நுனி நீலம் பாய்ந்தாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ உடனே கழற்றுங்கள். தூங்கும்போது போடவே வேண்டாம். இவ்வளவு செய்தும் வெட்டிப்போன நரம்பு முனைகள் திரும்பாது, மூடும் தோல்தான் கிடைக்கும். எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

சர்க்கரை இருந்தாலோ, புண் ஆறாவிட்டாலோ யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். போகும்போது கருவியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாயால் விளக்குவதைவிட எடுத்துக் காட்டுவது லேசு.