மரினா சில்வா: இரண்டு தேதிகளும் சரிதான்

கல்லூரிக் கருத்தரங்குக்குக் குறிப்பெடுக்கும்போது, மரினா சில்வா 2003-ல் அமைச்சரானார் என்று ஓரிடத்திலும் 2023-ல் என்று வேறோரிடத்திலும் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். குழம்ப வேண்டாம். பிரேசில் அதிபர் லூலாவின் அரசில் அவர் இரண்டு முறை சுற்றுச்சூழல் அமைச்சரானார்.

முதல் முறை 2003 முதல் 2008 வரை. செயற்கைக்கோள் கண்காணிப்பும் சோதனைகளும் கூடி, 2004-ல் சுமார் 27,000 சதுர கிலோமீட்டராக இருந்த அமேசான் காடழிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது அப்போதுதான். அமேசான் மேம்பாட்டுத் திட்டத்தின் பொறுப்பை லூலா வேறொருவரிடம் கொடுத்ததும் 2008 மே மாதம் பதவி விலகினார். அப்புறம் லூலாவின் கட்சியையும் விட்டார். 2010, 2014, 2018 என மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றார். முதல் இரண்டிலும் மூன்றாமிடம். 2022-ல் லூலாவை மீண்டும் ஆதரித்தார்; 2023-ல் இரண்டாம் முறை அமைச்சரானார்.

ஆனால் உங்கள் உரையை இங்கிருந்து தொடங்காதீர்கள், தயவுசெய்து. ஆக்ரி மாநிலத்தில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் 1958-ல் பிறந்தவர் அவர். பதினாறு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. நகரத்துக்கு வந்து வீட்டுவேலை பார்த்துக்கொண்டே படித்து, வரலாற்றில் பட்டம் வாங்கினார். ரப்பர் தொழிலாளர் தலைவர் ஷிகோ மென்டிசுடன் சேர்ந்து காட்டைக் காக்கப் போராடினார்; மென்டிஸ் 1988-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறே ஆண்டுகளில், 36 வயதில், மரினா செனட்டர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.