ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்கு ஒரு வேஸ்ட்கேட் போதுமா, இரண்டு போட வேண்டுமா?

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 0.7 பார் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் கூடுதல் அழுத்தம்) என்று எழுதியிருக்கிறீர்கள். ட்வின் ஸ்க்ரோல் என்றால், டர்போவைச் சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்குப் புகை இரண்டு தனித் தடங்களில் வரும். வேஸ்ட்கேட் என்பது மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு. ஒன்றும் போதும், இரண்டும் போடலாம். இரண்டு தடத்துப் புகையும் வேஸ்ட்கேட் வால்வுக்கு முன்னாலேயே கலந்துவிடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் இதைச் சொந்தக் காசில் கற்றுக்கொண்டேன்.

சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2. கிராங்க் 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு 180 டிகிரிக்கு மேல் திறந்திருக்கும். அதனால் 1 மிச்சப் புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போதே 3 தன் வால்வைத் திறந்து பீய்ச்சி அடிக்கும். எல்லாம் ஒரே குழாய் என்றால் அந்த அழுத்தம் 1-க்குள் திரும்பி நுழையப் பார்க்கும். 1-ம் 4-ம் ஒரு தடம், 2-ம் 3-ம் இன்னொரு தடம் என்று பிரித்தால், ஒரு தடத்தில் 360 டிகிரிக்கு ஒரு துடிப்புதான். துடிப்பு சிதறாமல் டர்பைனைத் தட்டுவதால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் ஏறும்.

(இதை ட்வின் டர்போ, அதாவது இரண்டு டர்போ, என்று நினைப்பவர்கள் நிறைய. 2009-ல் வந்த என்55 எஞ்சினில் ஒரே ஒரு ட்வின் ஸ்க்ரோல் டர்போவை வைத்துவிட்டு, பிஎம்டபிள்யூ அதற்கு 'ட்வின்பவர் டர்போ' என்று பெயர் சூட்டியது. குழம்பாமல் என்ன செய்வார்கள்?)

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். இரண்டு தடத்திலிருந்தும் குழாய் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, முனையில் ஒரு வேஸ்ட்கேட் வைத்தேன். வெல்டிங் எல்லாம் பிரமாதம். ஓட்டிப் பார்த்தால் சாதாரண டர்போ போலவே மந்தம். வேஸ்ட்கேட் மூடியிருந்தாலும் அந்தச் சேர்ப்புக் குழாய் திறந்த வழிதானே! துடிப்பு அதன் வழியாக அடுத்த தடத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் தடத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய வேஸ்ட்கேட் போட்டேன். வால்வைத் தாண்டிய பிறகு குழாய்களைச் சேர்த்தால் பாதகமில்லை. வால்வை மூடிப் பிடிக்கும் ஸ்பிரிங் இரண்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், பூஸ்ட் அழுத்தத்தை வேஸ்ட்கேட்டுக்குக் கொண்டுவரும் ஹோஸும் ஒரே இடத்திலிருந்து பிரிய வேண்டும். இல்லையென்றால் ஒன்று முந்தித் திறக்கும். ஒரே வேஸ்ட்கேட்தான் என்றால், இரண்டு தடத்தையும் பிரிக்கும் நடுச்சுவரை வால்வு உட்காரும் இடம்வரை கொண்டுபோங்கள்.

வேஸ்ட்கேட் ஏரிக்குக் கலங்கல் மாதிரி. மிஞ்சியதை டர்பைன் பக்கம் விடாமல் வெளியே அனுப்புவது. 0.7 பார் குறைவுதானே, சின்னது போதும் என்று வாங்கிவிடாதீர்கள். பூஸ்ட்டைக் குறைவாக வைக்கத்தான் அதிகப் புகையைத் திருப்பிவிட வேண்டியிருக்கும். வழி போதாவிட்டால், வால்வு முழுக்கத் திறந்த பிறகும் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போகும். ஸ்பிரிங்கும் 0.7-க்கு மேல் வேண்டாம். பூஸ்ட் கன்ட்ரோலரால் ஸ்பிரிங் அளவுக்கு மேலே பூஸ்ட்டை ஏற்ற முடியும், கீழே இறக்க முடியாது.