புள்ளி வைத்தால் மறைந்துவிடுமா?

கேள்வி: எங்கள் சினிமா வட்ஸ்அப் குறூப்பில் புதுப்படமொன்றின் முடிவைப் பற்றி எழுதினேன். முதலில் “ஸ்பொயிலர்” என்று போட்டு, வரிக்கொன்றாக இருபது புள்ளி வைத்து, அதற்குக் கீழேதான் விஷயத்தைச் சொன்னேன். அப்படியிருந்தும் எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தவறு என்னுடையதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்களுடையதுதான். குறூப்பைத் திறந்து வைத்திருப்பவருக்குப் புது மெசேஜின் அடிப்பகுதிதான் முதலில் கண்ணில் படும். புள்ளிகளை மேலே அடுக்கிவிட்டுக் கொலைகாரனை வாசற்படியிலேயே இருத்தியிருக்கிறீர்கள். கீழேயும் இருபது புள்ளி வைத்திருந்தால் பாதிப் பேராவது தப்பியிருப்பார்கள்.

வெறும் “ஸ்பொயிலர்” என்பதும் போதாது. எந்தப் படம், எதுவரை என்று சொல்லாத எச்சரிக்கை, வீட்டு இலக்கம் இல்லாமல் தெருமுனையில் தொங்கும் ‘கடிநாய் கவனம்’ பலகை. முதல் வரியில் படத்தின் பெயரும் ‘இடைவேளைக்குப் பிறகு’ என்பதும் இருக்கட்டும். “யாருமே எதிர்பாராத திருப்பம்” என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வாசித்தவர் மூன்று மணிநேரமும் படத்தையா பார்ப்பார்? திருப்பத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

வொய்ஸ் மெசேஜ் இதைவிட நல்லது. பூட்டிய திரையில் வார்த்தை தெரியாது. ஆனால் அடுத்தடுத்து வரும் குரல்பதிவுகளை வட்ஸ்அப் தானாகவே ஓடவிடும். பாட்டைப் பற்றிய பதிவுக்குப் பின்னால் முடிவைப் பற்றியதை அனுப்பினால், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வைத்துவிடுவீர்கள். நடுவில் ஒரு வரி எழுத்தில் போடுங்கள்.

டெலிகிராமில் இதற்கென்றே வசதி உண்டு. வசனத்தின் இரு பக்கமும் இரட்டைச் செங்குத்துக்கோடு ( || ) போட்டால், தொடும்வரை மூடியே இருக்கும். அதைப் பிரதியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் மூடி கழன்றுவிடும். அங்கேயும் பெயரை மட்டும் மறைப்பவர்கள் தமிழை மறந்துவிடுகிறார்கள். பெயரை மூடிவிட்டு “கடைசியில் செத்துப்போகிறாள்” என்பதைத் திறந்து வைத்தால், படத்தில் இருப்பதே இரண்டு பெண்கள் என்றால், மிச்சத்தை வினைச்சொல்லே சொல்லிவிடும். முழு வசனத்தையும் மூடுங்கள். கீழே “அட, அவளா!” என்று பதில் போடுகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பார்க்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ரொறன்ரோவில் வியாழன் இரவு 7 மணிக்கு முற்காட்சி என்றால், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு அது வெள்ளி அதிகாலை 4.30. மூன்று மணிநேரப் படம் முடிகையில் இங்கே காலை 7.30. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே மச்சானின் மெசேஜ் வந்துவிடும். வியாழன் இரவு 11 மணிக்கு குறூப்பை 8 மணிநேரம் மியூட் பண்ணினால் அது காலை 7க்கே முடிந்துவிடும். அடுத்த தெரிவு ஒரு வாரம், அதைப் போடுங்கள். ஒரு வாரத்துக்குள் தியேட்டர் பக்கம் போகாதவர் பிறகு கோபிப்பதில் நியாயமில்லை என்பது எங்கள் கட்சி.

உங்கள் மெசேஜுக்கு இனிப் பரிகாரமில்லை. திருத்துவதற்கு வட்ஸ்அப் தருவது 15 நிமிடம். எல்லோருக்குமாக அழிப்பதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல். உங்கள் கடிதம் தபாலில் எங்களிடம் வந்துசேர ஆறு நாள்.