கெப்புக்கு லொறிச் சில்லு போடலாமா?

கேள்வி: ஐயா, ஹைலக்ஸ் கெப்பில் கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். பின் டயர்கள் நிற்பதே இல்லை, போன மாதம் ஒன்று வெடித்தும் விட்டது. கனடாவில் இருக்கும் மச்சான் தன் ராம் 2500 பிக்கப்புக்கு 19.5 அங்குல லொறி டயர் போட்டிருக்கிறார், பிரச்சினையே இல்லை என்கிறார். இங்கே ஒரு கராஜில் எல்ஃப் லொறியின் பழைய சில்லு நான்கு இருக்கிறது, துளைத்துப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். போடலாமா? - கந்தப்பளை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. மச்சான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் வண்டி வேறு. ராம் 2500 நாலரை தொன் மொத்த எடைக்குக் கட்டியது, அதன் அச்சும் பிரேக்கும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். அவர் போட்டதும் ஏதோ லொறியிலிருந்து கழற்றிய ரிம்மாக இருக்காது. அந்த வண்டியின் எட்டு நட்டுக்கும், அவை அமைந்திருக்கும் 165.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குமென்றே செய்த 19.5 அங்குல ரிம் அங்கே கடையில் விற்கிறார்கள். ஃபோர்ட் எஃப்-450க்குத் தொழிற்சாலையிலேயே 19.5தான் வருகிறது.

உங்கள் ஹைலக்ஸில் ஆறு நட், 139.7 மில்லிமீற்றர் வட்டம். எல்ஃப் என்.பி.ஆரிலும் ஆறுதான், ஆனால் வட்டம் 222.25. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். புதிதாகத் துளைத்தாலும் இடையில் தட்டு வைத்தாலும் சுமை முழுவதும் அந்தத் துளைகளிலும் தட்டிலும்தான் நிற்கும். அது விரிந்தால் வளைவில் சில்லு தனியாகப் போகும், நீங்கள் தனியாகப் போவீர்கள். பழைய லொறி ரிம்களில், டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் பூட்டு வளையம் வைத்த ரகமும் உண்டு. தேய்ந்த வளையம் காற்றடிக்கும்போது பறந்தால் ஆளையே கொல்லும்.

சரி, சில்லு பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 225/70ஆர்19.5 அளவு லொறி டயரில் ஜி என்ற சுமை ரகம் 110 பிஎஸ்ஐயில் 1800 கிலோ தாங்கும், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் உங்கள் 265/65ஆர்17 டயரில் சுமை எண் 112 என்றிருந்தால் ஒரு டயருக்கு 1120 கிலோ, நான்குக்கு 4480. வண்டியின் அனுமதித்த மொத்த எடையோ மூன்று தொன்னைச் சுற்றித்தான். அதாவது டயர் ஏற்கெனவே வண்டியை விடப் பலசாலி. அது வெடிக்கிறது என்றால் ஒன்று சுமை அதிகம், இல்லாவிட்டால் காற்றுக் குறைவு, பெரும்பாலும் இரண்டும். லொறி டயர் போட்டால் அடுத்து உடைவது வில் தகடோ பேரிங்கோ, அதுதான் வித்தியாசம்.

எனக்குப் பெரிய பயம் நீங்கள் போகும் வழியில் வரும் ரம்பொடை மலை இறக்கம். 265/65ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீற்றர், 19.5 டயருக்கு 810. நாலு சதவீதம்தானே என்பீர்கள், ஆனால் அதே பிரேக் அவ்வளவு குறைவாகப் பிடிக்கும், கியரில் இறங்கும்போது எஞ்சின் பிடிப்பும் அவ்வளவு குறையும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 62க்கு மேலே போவீர்கள், அதற்கு மேல் டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்து ஒரு சில்லு 50 கிலோ அளவுக்கு வரும், அதையும் அந்த பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் என்ன செய்வது? அளவு மாறாமல், சுமை எண் கூடிய, பக்கச் சுவர் தடித்த டயர் தேடுங்கள். ரிம் அந்தச் சுமைக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டிய தகட்டில் சுமைக்கேற்ற காற்றழுத்தம் இருக்கும், அதைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து அடியுங்கள். ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கெப்பைச் சித்திரவதை செய்யாமல் ஒரு கன்டர் லொறி வாங்குங்கள்.

கேள்வி: ரீபில்ட் டயர் மலிவாக வருகிறது. மலைப் பாதைக்கு முன் சில்லில் போடலாமா? - வெலிமடை வாசகி

பதில்: முன் சில்லுக்கு வேண்டாம் அம்மா, ஸ்டியரிங் பக்கம் டயர் போனால் பிடித்து நிறுத்த முடியாது. பின்னுக்கென்றால் வாங்கலாம், ஆனால் புது ரப்பர் ஒட்டிய அந்தப் பழைய டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த இலக்கத்தைச் சுரண்டி வைத்திருந்தால் விலையே கேட்க வேண்டாம்.