மஸ்டாங் வாங்குகிறவர் முதலில் தரையைப் பார்க்கட்டும்

கேள்வி: மிச்சிகனில் இருபது வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு சிவப்பு ஃபோர்டு மஸ்டாங் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அன்று பிடித்த ஆசை. இப்போது 25,000 டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்று வண்டி பார்த்தாயிற்று: 1966 ஹார்ட்டாப் (நிலையான கூரை உள்ளது), 1977 மஸ்டாங் டூ, 1989 ஐந்து லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்). 1977 மட்டும் விலை குறைவு. மூன்றுக்கும் பெயர் ஒன்று, வண்டி வேறு வேறாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றும் வேறு வேறு வண்டிகள்தான். ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். அப்போது ஃபோர்டு பிரிவின் தலைவர் லீ அயகோக்கா. அந்த விலைக்குக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அடியில் இருந்தது பெரும்பாலும் ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் கார். மேலே நீண்ட பானெட்டும் குட்டையான டிக்கியும் வைத்து அழகாக உடுத்திவிட்டார்கள். அப்புறம் ஒரு நீளமான பட்டியலை நீட்டினார்கள்: எந்த எஞ்சின், எந்த கியர், டிஸ்க் பிரேக் வேண்டுமா, ஏசி வேண்டுமா என்று. கல்லூரிக்குப் போகிறவர் ஆறு சிலிண்டர் எடுத்தார், பந்தயப் பித்து உள்ளவர் 271 குதிரைத்திறன் வி8 எடுத்தார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வண்டி. இன்று சந்தையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்தப் பட்டியலிலிருந்து வருவதுதான்.

இரண்டு வருடம் முடியும் முன்பே, 1966 மார்ச்சில், பத்து லட்சமாவது மஸ்டாங் வெளிவந்துவிட்டது. 1966 மாடல் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். ஆகவே ‘அரிய வண்டி சார்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண 1966 ஹார்ட்டாப் அரிது இல்லை. இன்னொன்று கிடைக்கும், பொறுமையாக இருக்கலாம்.

1967இல் உடம்பு அகலமானது, 390 கன அங்குலப் பெரிய எஞ்சின் நுழைந்தது. 1969இல் மாக் 1, பாஸ் 302, பாஸ் 429 என்ற வேக ரகங்கள் வந்தன. 1971இல் வண்டி இன்னும் பெருத்தது. இந்தக் காலத்துப் பெரிய எஞ்சின் வண்டிகள் உங்கள் தொகைக்கு வராது, கடந்துவிடுவோம். 1974 மாடலாக வந்த மஸ்டாங் டூ, சிறிய பிண்டோ காரின் அடித்தளத்தைத் தழுவியது. 1979இல் ‘ஃபாக்ஸ்’ தளத்தில் புதிய உடம்பு வந்து 1993 வரை ஓடியது. உங்கள் 1989 அந்த வம்சம். பிறகு 1994, 2005, 2015, 2024 என்று நான்கு தலைமுறை. போட்டி வண்டிகளான செவ்ரலே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் 2023 டிசம்பரோடு நின்றுபோயின. மஸ்டாங் மட்டும் 1964இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

நீங்கள் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் என் ஓட்டு 1989க்கு. எஞ்சினுக்குக் கணினி வழி எரிபொருள் ஊட்டம் வந்துவிட்ட வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், உதிரி பாகம் ஏராளம். ஆனால் பார்த்த உடனே மனது போனது 1966 மேல்தான் என்றால் அதையே வாங்குங்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள்.

இந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டகம் (சேசிஸ்) கிடையாது. தரைத் தகடும் பக்கச் சட்டகங்களும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. தரை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனது போல. எஞ்சின் போனால் ஒரு வாரத்தில் மாற்றலாம். தகடு போனால் பற்றவைப்பு, டிங்கர் வேலை, மறு பெயிண்ட் என்று பணம் கரைந்துகொண்டே இருக்கும்.

துரு ஆரம்பிக்கும் இடம் எது தெரியுமா? முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வைப்பர் உட்கார்ந்திருக்கும் தகடு. அதில் காற்றுக்கான துளைகள் உண்டு. மழைநீரும் உதிர்ந்த இலையும் அந்தத் துளை வழியாக உள்ளே போய்த் தேங்கி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியை அரித்துவிடும். சில வருடம் முன்பு ஒரு நண்பருக்காக 1965 ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பெயிண்ட் கண்ணாடி போல மின்னியது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு ஜக் தண்ணீரை அந்தத் துளைகள் மேல் மெதுவாக ஊற்றினேன். நண்பர் உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் படுத்திருந்தார். பத்து எண்ணுவதற்குள் ‘சொட்டுது, சொட்டுது’ என்று குரல் வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் புதுத் தகடு ஒன்று, பழைய துருவின் மேலேயே ஒட்டவைத்தது. அதைச் சரிசெய்ய முன் கண்ணாடியையும் மட்கார்டுகளையும் கழற்றி, பற்றவைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்துத் திறக்க வேண்டும். நண்பர் வேறு வண்டி பார்த்தார்.

நீங்களும் ஒரு ஜக் தண்ணீரும், சின்னக் காந்தம் ஒன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, டிக்கி ஓரம், இங்கெல்லாம் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவினால் அங்கே இருப்பது தகடு அல்ல, பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டி. மிச்சிகனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அரிசோனா மாதிரி வறண்ட மாநிலத்திலேயே வாழ்ந்த வண்டி என்றால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

1989ஐயும் சும்மா விடாதீர்கள். பின் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் உடம்போடு சேரும் இடத்தில், முரட்டுத்தனமாக ஓட்டியிருந்தால் தகடு கிழிந்திருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: அதே 1966ஐ விற்பவர் ‘இது கே கோடு வண்டி, அதனால்தான் இந்த விலை’ என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கே என்பது நான் மேலே சொன்ன 271 குதிரைத்திறன், 289 கன அங்குல எஞ்சினின் குறி. அது உண்மையானால் விலை நன்றாகவே ஏறும். உங்கள் தொகைக்குள் ஒருவர் உண்மையான கே கோடு தருகிறார் என்றாலே இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆலையில் வண்டிக்குக் கொடுத்த அடையாள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. மஸ்டாங்கின் முதல் வரிசை எண் கொண்ட வண்டியையே எடுத்துக்கொள்வோம்: 5எஃப்08எஃப்100001. முதலில் உள்ள 5 என்பது 1965 மாடல். அடுத்த எஃப், டியர்பார்ன் ஆலை. 08 என்றால் கன்வெர்ட்டிபிள். அடுத்த எழுத்துதான் எஞ்சின். இங்கே எஃப் என்பது 260 வி8. கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். இந்த வண்டியைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஸ்டான்லி டக்கர் என்ற விமானி வாங்கி ஓட்டினார். பிறகு பத்து லட்சமாவது மஸ்டாங்கைக் கொடுத்து ஃபோர்டு அதைத் திரும்பப் பெற்றது. இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான்.

உங்கள் 1966 எண் 6இல் தொடங்க வேண்டும், ஹார்ட்டாப் என்றால் 07. ஐந்தாவது இடத்தில் கே இருக்கிறதா? டி (T) என்றால் ஆறு சிலிண்டர். சி, ஏ இரண்டும் சாதாரண 289. ஆலை எழுத்து ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். ஆர் இருப்பதாலேயே வண்டி கலிஃபோர்னியாவில் வாழ்ந்தது என்று ஆகிவிடாது, அங்கே பிறந்தது, அவ்வளவுதான்.

எண்ணை எங்கே படிக்கிறீர்கள் என்பது முக்கியம். கதவில் உள்ள தகட்டைப் புதிதாக அச்சடித்து வாங்கிவிடலாம். பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க மட்கார்டுக்கு உள்பக்கத் தகட்டில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அதைச் சுற்றிப் புதிய பற்றவைப்போ, அரம் போட்ட தடமோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணும் டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

1967 முதலான வண்டிகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் கெவின் மார்ட்டியிடமிருந்து ‘மார்ட்டி ரிப்போர்ட்’ வாங்கலாம். அந்த வண்டி ஆலையிலிருந்து என்னென்னவோடு வந்தது என்று அதில் இருக்கும். 1966க்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அந்த ஐந்தாவது எழுத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கேள்வி: 1977 மஸ்டாங் டூவை எல்லோரும் கேலி செய்கிறார்கள். மலிவாக இருக்கிறதே, வாங்கினால் தவறா?

பதில்: தவறே இல்லை. அந்தக் கேலி எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. மஸ்டாங் பருத்துக்கொண்டே போகிறது, சிறியதாக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்; அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். 1973 செப்டம்பரில் வெளிவந்தது, அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அந்த நேரத்தில் முதல் வருடமே 3,85,993 வண்டி விற்றது. 1974இல் வி8 கிடையாது, 1975இல்தான் திரும்பி வந்தது. அதுவும் சுமார் 140 குதிரைத்திறன்தான். அது இல்லாமல் மஸ்டாங் என்ற பெயர் எழுபதுகளைத் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

வாங்குபவருக்கு உள்ள சிரமம் வேறு. முதல் தலைமுறைக்கும் ஃபாக்ஸுக்கும் தரைத் தகடு முதல் கைப்பிடி வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். மஸ்டாங் டூவின் உடம்புப் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். முன் சஸ்பென்ஷன் மட்டும் விதிவிலக்கு. பழைய வண்டிகளை மாற்றிக் கட்டுகிறவர்கள் அந்த வடிவத்தை விரும்பிப் பொருத்துவதால் தாராளமாகக் கிடைக்கிறது. ஆகவே உடம்பு முழுமையாக, கண்ணாடி, பீடிங் எதுவும் குறையாமல் இருக்கும் வண்டியை மட்டும் எடுங்கள்.

கேள்வி: 1966இல் 271 குதிரைத்திறன், 1989இல் 225 என்று போட்டிருக்கிறது. புதியது பலவீனமா?

பதில்: இல்லை. 1971 வரை எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, மின்விசிறி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்து குதிரைத்திறனைப் போட்டார்கள். 1972 முதல் வண்டியில் இருப்பது போலவே எல்லாம் பொருத்தி அளக்கிறார்கள். பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி விலை பேசுகிறவர்கள் உண்டு.

கேள்வி: பழசெல்லாம் வேண்டாம், தினம் வேலைக்குப் போக ஒன்று போதும் என்றால்?

பதில்: 2011 முதல் வந்த ‘கயோட்டி’ ஐந்து லிட்டர் 412 குதிரைத்திறன், நல்ல எஞ்சின். 2015 முதல் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், மேடு பள்ளத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்ததும் அந்தத் தலைமுறைதான், 2016இல் இந்தியாவிலும் விற்றது.

அதற்கு முந்தையதில் இரண்டு கவனம். 1996 முதல் 2001 வரையான 4.6 லிட்டர் ஜிடி (வி8 மஸ்டாங்) வண்டியில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டின் முன்பக்கம் வெடித்துக் கூலன்ட் ஒழுகும். அலுமினியப் பகுதி உள்ளதாக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 2005 முதலான சில வருட 4.6இல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது பாதி உள்ளேயே உடைந்து நின்றுவிடும். பிளக் மாற்றிய பில் இருந்தால் நல்லது.

கேள்வி: காகித வேலையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 17 இலக்க அடையாள எண் 1981 மாடலிலிருந்துதான். உங்கள் 1989க்கு இணையத்தில் வரலாறு எடுக்கலாம். எட்டாவது எழுத்து எஞ்சினைக் காட்டும், நாலு சிலிண்டர் வண்டியில் வி8 ஏற்றியிருந்தால் பிடிபடும். 1966க்கு அந்த அறிக்கைகள் பெரிதாக உதவாது. பழைய பில்கள், படங்கள், முந்தைய உரிமையாளரின் தொலைபேசி எண், இவைதான் அதன் வரலாறு.

டீலரிடம் வாங்கினால் ஜன்னலில் ‘பையர்ஸ் கைடு’ என்ற தாள் ஒட்டியிருக்க வேண்டும், அது கூட்டரசின் விதி. அதில் ‘ஆஸ் ஈஸ்’ (உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை) என்று குறித்திருந்தால் வெளியே வந்த பிறகு செலவு உங்களுடையது. வாயால் சொன்ன உறுதியை எழுத்தில் வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கும்போது அந்தத் தாளும் கிடையாது. இன்சூரன்ஸை ‘அக்ரீட் வேல்யூ’ முறையில், அதாவது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டு, எடுங்கள். சாதாரண பாலிசியில் தேய்மானம் கழித்துக் கொடுத்தால் மனம் உடைந்துபோகும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள், எட்டு வயது, ஐந்து வயது. 1966இன் பின் சீட்டில் உட்கார்த்தி அழைத்துப் போகலாமா?

பதில்: நான் அழைத்துப் போக மாட்டேன். இடுப்பு பெல்ட்தான், தோள் பெல்ட் கிடையாது. டிக்கியின் தரையே பெட்ரோல் டேங்கின் மேல்தகடு. அதற்கும் பின் சீட்டுக்கும் நடுவே இரும்புத் தடுப்பு இல்லை. பிரேக்கும் ஒற்றைச் சுற்று: ஒரு குழாயில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்று 1967இல்தான் வந்தது. 1966ஐ வாங்கினால் முதல் செலவாக பிரேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், அப்புறம் மூன்று முனை பெல்ட், டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. மூன்றும் தயாராகவே விற்கிறார்கள். அந்த வேலை முடியும்வரை பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று கையசைக்கட்டும்.